அன்பில்லாமை ஒரு குற்றமா?

புனே நகரின் நாராயண் பேட்டையில் கேசரிவாடா என்று ஒரு பழைய மாளிகை இருக்கிறது. பால கங்காதர திலகர் வாழ்ந்ததும் 'கேசரி' பத்திரிகையை நடத்தியதும் அங்கேதான். பேச்சுரிமையைப் பற்றி இன்று ஜெனீவாவில் பேசப்படுவது விளங்க வேண்டுமானால், இந்த வாசலிலிருந்து புறப்படுவதுதான் நல்லது.

1897-ல் புனேயைப் பிளேக் உலுக்கிக்கொண்டிருந்தது. நோயாளிகளைத் தேடி வீடு வீடாகப் புகுந்த சிப்பாய்கள் மீது ஊரே கொதித்தது. ஜூன் 15 தேதியிட்ட கேசரியில் சிவாஜி விழாவைப் பற்றிய செய்தியும் சிவாஜி பேசுவதுபோல் ஒரு கவிதையும் வெளிவந்தன. ஒரே வாரத்தில், ஜூன் 22 இரவு, பிளேக் அதிகாரி ராண்ட் கணேஷ்கிண்ட் சாலையில் சுடப்பட்டார். திலகர் மீது கொலைக் குற்றச்சாட்டு இல்லை. வழக்கு அவர் அச்சிட்ட எழுத்தின் மேல்தான். இந்தியத் தண்டனைச் சட்டத்தில் 1870-ல் சேர்க்கப்பட்ட 124ஏ, அதாவது ராஜத்துரோகப் பிரிவு, பாய்ந்தது.

அந்தப் பிரிவின் உயிர்நாடி 'டிஸ்அஃபெக்‌ஷன்' என்ற ஆங்கிலச் சொல். அதற்கு என்ன பொருள்? பம்பாய் உயர் நீதிமன்ற நீதிபதி ஸ்டிரேச்சி ஜூரிகளுக்குச் சொன்ன விளக்கம் எளிமையானது: அரசின் மேல் அன்பில்லாமை. கலகம் நடக்க வேண்டியதில்லை. கலகம் செய்யுங்கள் என்று எழுதியிருக்கக்கூட வேண்டியதில்லை. படிப்பவர் மனத்தில் அரசைப் பற்றிக் கசப்பை ஊட்ட முயன்றிருந்தால் போதும்.

ஒன்பது ஜூரிகளில் ஐரோப்பியர் ஆறு பேரும் குற்றவாளி என்றார்கள். இந்தியர் மூன்று பேரும் குற்றமற்றவர் என்றார்கள். 18 மாதச் சிறைத்தண்டனை. 1908-ல் மீண்டும் வழக்கு. இம்முறை ஐரோப்பியர் ஏழு பேர் ஒரு பக்கம், பார்சிகள் இருவர் மறுபக்கம். திலகர் தாமே வாதாடினார், 21 மணி நேரத்துக்கு மேல். அதில் கணிசமான பகுதி மொழிபெயர்ப்பைப் பற்றியது: மராத்தியில் தாம் எழுதியது வேறு, ஆங்கிலத்தில் ஜூரிகள் முன் வைக்கப்படுவது வேறு என்றார். ஆறு ஆண்டு நாடுகடத்தல் தண்டனை பெற்று மாண்டலே சிறைக்குப் போனார்.

இந்த 6–3, 7–2 எண்களை நான் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன். ஒரே எழுத்து ஒருவர் காதில் முறையீடாகவும் இன்னொருவர் காதில் கலகமாகவும் விழுகிறது. ஆளும் இனத்தின் அச்சமும் அதில் கலந்திருந்தது, மறுக்கவில்லை. ஆனால் பண்பாடுகளுக்கு இடையே பேச்சுரிமையைக் காப்பது ஏன் இவ்வளவு கடினம் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரிந்து இல்லை.

அன்றைக்கும் எல்லை தாண்டிய ஓர் அமைப்பு இருந்தது: லண்டனில் பிரிவி கவுன்சில். பிற்காலத்தில் பிரிட்டனின் பிரதமரான ஆஸ்க்வித் 1897-ல் திலகருக்காக அங்கே வாதாடினார். மேல்முறையீட்டுக்கு அனுமதியே கிடைக்கவில்லை. கதவைத் தட்டித் திறந்தவர்கள் அறிஞர்கள். மாக்ஸ் முல்லரும் தாதாபாய் நவ்ரோஜியும் இன்னும் சிலரும் விக்டோரியா மகாராணிக்கு விண்ணப்பித்தார்கள். திலகர் 1898 செப்டம்பரிலேயே விடுதலையானார். எரவாடா சிறையில் அவர் படிக்க மாக்ஸ் முல்லர் தம்முடைய ரிக்வேதப் பதிப்பை அனுப்பியிருந்தார். அதிகாரம் எதுவும் இல்லாத ஒரு பேராசிரியரின் கையெழுத்துக்குக் கிடைத்த மதிப்பு, பேரரசின் உச்ச மன்றத்தில் எழுந்த வாதத்துக்குக் கிடைக்கவில்லை.

வாய்ப்பூட்டுச் சட்டங்கள் புனேயோடு நிற்கவில்லை, கப்பலேறிப் பல நாடுகளுக்கும் போயின. 1908 ஜூலை 7 அன்று திருநெல்வேலியில் இதே பிரிவின் கீழ்தான் வ.உ.சிதம்பரனாருக்குத் தண்டனை விழுந்தது. அடுத்த மாதம் பாரதியின் 'இந்தியா' பத்திரிகை மீது வழக்கு வந்தது. அவர் புதுச்சேரிக்குப் போனார். அங்கே பிரெஞ்சுச் சட்டம். பத்திரிகை மறுபடி அச்சேறியது. பிரிட்டிஷ் அரசு தன் எல்லைக்குள் அதை நுழைய விடாமல் தடுத்ததால், 1910-ல் பத்திரிகை நின்றுபோனது. பேச எல்லைக்கு அப்பால் இடம் கிடைத்தது, கேட்பவர்கள் இப்பால் இருந்தார்கள். மேற்கு ஆப்பிரிக்காவின் கோல்ட் கோஸ்டிலும் இதே கதைதான். அங்கே ஒரு பத்திரிகை வழக்கில், வன்முறையைத் தூண்டினார் என்று நிரூபிக்கத் தேவையே இல்லை என்று பிரிவி கவுன்சில் முடிவு செய்தது.

1922-ல் அதே 124ஏ காந்தியையும் பிடித்தது. அன்பைச் சட்டத்தால் உண்டாக்க முடியாது என்று அவர் அகமதாபாத் நீதிமன்றத்தில் சொன்னார். நீதிபதி திலகரின் தண்டனையையே முன்மாதிரியாகக் காட்டி ஆறு ஆண்டு விதித்தார். அனுப்பப்பட்ட இடமும் அதே எரவாடா.

கால் நூற்றாண்டு கழித்து ஐக்கிய நாடுகளின் கல்வி, பண்பாட்டு அமைப்பான யுனெஸ்கோ, மனித உரிமை என்பது எல்லாப் பண்பாடுகளுக்கும் பொதுவானதா என்று உலகச் சிந்தனையாளர்களிடம் கடிதம் எழுதிக் கேட்டது. தலைவர் ஜூலியன் ஹக்ஸ்லிக்குப் பதில் எழுதியவர்களில் காந்தியும் ஒருவர். கடமையிலிருந்தே உரிமை பிறக்கிறது என்பது அவர் பதிலின் சாரம். 1948 டிசம்பர் 10 அன்று பாரிஸில் ஏற்கப்பட்ட உலகப் பிரகடனத்தின் 19-ஆம் பிரிவு, எல்லைகளைப் பொருட்படுத்தாமல் கருத்தைத் தேடவும் பெறவும் பரப்பவும் எல்லோருக்கும் உரிமை உண்டு என்றது. புதுச்சேரியிலிருந்து தமிழகத்துக்குள் வர முடியாமல் போன பத்திரிகைக் கட்டுகளை நினைத்துக்கொண்டு அந்த வரியைப் படிக்க வேண்டும்.

பிரகடனம் சட்டம் ஆகாது. 1966-ல் உருவான குடிமை, அரசியல் உரிமைகளுக்கான உடன்படிக்கைதான் நாடுகளைக் கட்டுப்படுத்துவது. இந்தியா 1979-ல் அதில் சேர்ந்தது. அது கடைப்பிடிக்கப்படுகிறதா என்று ஜெனீவாவில் 18 பேர் கொண்ட குழு பார்க்கிறது. அந்தக் குழுவிடம் போலீஸ் இல்லை, சிறை இல்லை. ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் அரசுகளைக் கட்டுப்படுத்தும் தீர்ப்பே தரும். ஆசியாவுக்கு அப்படி ஒரு நீதிமன்றம் கிடையாது. தனிமனிதர் புகார் செய்ய வழிவிடும் துணை உடன்படிக்கையிலும் இந்தியா சேரவில்லை.

பிறகு அந்தக் குழுவால் என்ன பயன்? அது ஓர் அளவுகோலைத் தருகிறது. பேச்சைத் தடுக்கும் விதி தெளிவாக எழுதப்பட்டிருக்க வேண்டும். தக்க நோக்கம் வேண்டும். அந்த நோக்கத்துக்கு அதைவிட மென்மையான வழி இல்லை என்று காட்ட வேண்டும். 2011-ல் குழு தந்த விளக்கம் இன்னும் நெருங்கி வருகிறது: சொல்லுக்கும் ஆபத்துக்கும் நேரடியான, உடனடியான தொடர்பை அரசு நிறுவ வேண்டும். அரசு அமைப்புகளை விமர்சிப்பதைத் தடை செய்யக் கூடாது. ஒழுக்கத்தின் பேரால் தடுப்பதானால், ஒரே ஒரு மரபின் ஒழுக்கத்தை வைத்துத் தடுக்கக் கூடாது. ஸ்டிரேச்சி கேட்டது அன்பு இருக்கிறதா என்று. இது கேட்பது ஆபத்து எங்கே என்று.

அந்த அளவுகோலையும் ஊருக்கு ஏற்பப் பிடிக்கத் தெரிய வேண்டும். வியன்னா, நைரோபி, பாங்காக், சாண்டியாகோ என்று நான்கு ஊர்களில் கூடிப் பேசிய வல்லுநர்கள் 2012-ல் மொராக்கோவின் ரபாத்தில் ஆறு கேள்விகளை வகுத்தார்கள். வெறுப்புப் பேச்சைக் குற்றமாக்கும் முன் கேட்க வேண்டியவை: சூழல் என்ன, பேசியவர் யார், நோக்கம் என்ன, சொன்னது என்ன, எவ்வளவு தூரம் பரவியது, தீங்கு நேரும் வாய்ப்பு எவ்வளவு. முதல் கேள்வியே சூழல் என்பதால், உள்ளூர் மொழியும் வரலாறும் தெரியாதவர் அதைத் தாண்டிப் போக முடியாது.

ராஜத்துரோகத்துக்காக வகுக்கப்பட்டவை அல்ல இவை. ஆனாலும் 1908 கேசரிக் கட்டுரைகளை இவற்றின் முன் வைத்துப் பார்க்கிறேன். முசாபர்பூரில் குண்டு வெடித்த சூழல் திலகருக்கு எதிராகவே நிற்கும். அவருடைய செல்வாக்கும் பத்திரிகையின் வீச்சும் அப்படியே. ஆனால் குண்டுகளுக்கு மூல காரணம் அடக்குமுறை, மருந்து உரிமை தருவது என்று வாதிட்ட அந்த எழுத்து நோக்கம், தீங்கின் வாய்ப்பு ஆகிய கேள்விகளில் தப்பிவிடும். ஆறும் சேர்ந்து நிரூபணமானால்தான் குற்றம். திலகர் வீட்டுக்குப் போயிருப்பார்.

அளவுகோலைத் தடியாகச் சுழற்றுவோரும் உண்டு. இலங்கை இதே உடன்படிக்கையின் பெயரில் 2007-ல் ஒரு சட்டம் இயற்றியது. 2019-ல் அதன் கீழ் ஒரு சிங்கள எழுத்தாளர், சிறுகதை எழுதியதற்காகக் கைதாகி மாதக்கணக்கில் சிறையில் இருந்தார். உடன்படிக்கையின் வெறுப்புத் தடைப் பிரிவை மட்டும் எடுத்துக்கொண்டு ஆறு கேள்விகளை விட்டுவிட்டதன் விளைவு அது.

புனே இன்னொரு பாடமும் வைத்திருக்கிறது. ஜேம்ஸ் லெய்ன் என்ற அமெரிக்கரின் சிவாஜி நூலுக்கு உதவியதாகச் சொல்லி, 2004 ஜனவரி 5 அன்று ஒரு கும்பல் பண்டார்கர் ஆய்வு நிறுவனத்துக்குள் புகுந்து நூல்களையும் சுவடிகளையும் சூறையாடியது. இங்கே வாயை அடைத்தது அரசு அல்ல, கூட்டம். உடன்படிக்கை அரசோடு செய்யப்பட்டது. ஆனால் கூட்டத்திடமிருந்து பேசுபவரைக் காப்பதும் அரசின் கடமை என்று ஜெனீவாக் குழு அதற்குப் பொருள் சொல்கிறது. மகாராஷ்டிர அரசோ நூலைத் தடை செய்தது. உயர் நீதிமன்றம் நீக்கிய அந்தத் தடை செல்லாது என்பதை 2010-ல் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. இடையில், 2007-ல், அதே நிறுவனத்தின் 30 ரிக்வேதச் சுவடிகளை யுனெஸ்கோ தன் உலக நினைவுப் பதிவேட்டில் சேர்த்தது. பூர்ஜ மரப்பட்டையில் சாரதா எழுத்தில் எழுதிய ஒன்றும் அவற்றில் உண்டு. மாக்ஸ் முல்லர் தம் பதிப்புக்கு ஓரளவு பயன்படுத்திய சுவடி அது.

2022 மே 11 அன்று உச்ச நீதிமன்றம் 124ஏ-ஐ நிறுத்திவைத்தது. 2024 ஜூலை 1 முதல் புதிய சட்டத்தின் 152-ஆம் பிரிவு அந்த இடத்துக்கு வந்திருக்கிறது. இரண்டே வாரத்தில், 27 ஆண்டுகளுக்குப் பிறகு முதல் முறையாக, இந்தியப் பிரதிநிதிகள் ஜெனீவாவில் அந்த 18 பேர் குழுவின் கேள்விகளுக்கு எதிரே போய் உட்கார்ந்தார்கள்.