ஆள் குண்டு... பெயர் 'தம்பி'! கடை போர்டு எழுத வந்திருக்கும் கரடி

மதுரை,

ஆள் நல்ல குண்டு. கை கால் முனையெல்லாம் உருண்டை. கூர்மை என்பதே உடம்பில் கிடையாது. பெயர் 'பாலூ தம்பி'. சொந்த ஊர் மும்பை. சம்பளம் ஒரு பைசா வாங்குவதில்லை.

போலீஸ் தேடுகிற ஆசாமியோ என்று பயந்துவிடாதீர்கள். இது ஒரு எழுத்து. கம்ப்யூட்டரில் தட்டினால் வரும் தமிழ் எழுத்து. கடை வைத்திருப்பவர்களும், வைக்கப் போகிறவர்களும் இந்தத் தம்பியைத் தெரிந்துவைத்துக்கொள்வது நல்லது.

கரடிக் குடும்பம்

மும்பையில் 'எக் டைப்' என்று எழுத்து வடிவமைப்பவர்கள் குழு ஒன்று இருக்கிறது. அவர்கள் உருவாக்கியதுதான் 'பாலூ'. இந்தியில் பாலூ என்றால் கரடி. 'ஜங்கிள் புக்' கதையில் மோக்ளிக்குப் பாடம் சொல்லித்தரும் கரடிக்கும் இதே பெயர்தான். எழுத்தும் கரடி மாதிரியே. உடம்பு கனம், ஆனால் குதிக்கிற குணம்.

மொழிக்கு ஒரு பிள்ளையாகக் குடும்பம் பெருகியது. மலையாளத்துக்கு 'சேட்டன்', தெலுங்குக்கு 'தம்முடு', பஞ்சாபிக்கு 'பாஜி'. நம் பங்குக்கு வந்தவர் 'தம்பி'. எல்லாம் அந்தந்த ஊரில் அண்ணன் தம்பியைக் கூப்பிடும் பெயர்கள்.

முதலில் வந்தது ஒரே தடிமன். அடுத்து வந்த 'பாலூ தம்பி 2'ல் ஐந்து தடிமன். கூகுளின் எழுத்துருப் பக்கத்தில் இலவசமாக இறக்கிக்கொள்ளலாம். போர்டு, துணிப்பை, பில் புக், ஸ்வீட் பெட்டி எதில் வேண்டுமானாலும் அச்சடிக்கலாம். எழுத்தை மட்டும் தனியாக விலை வைத்து விற்கத்தான் கூடாது. அதற்கென்று யாராவது காசு கேட்டால் கொடுக்காதீர்கள்!

பஸ்சில் போகிறவர் படிக்கணும்

மதுரைக்குக் குண்டெழுத்து புதிதல்ல. கொட்டை எழுத்துத் தலைப்புக்குப் பேர்போன 'தினத்தந்தி' 1942-ல் பிறந்தது இங்கேதான். சினிமா வால்போஸ்டர், சுவர் விளம்பரம் எல்லாமே தடித்த எழுத்துதான். காரணம் ஆடம்பரமல்ல. மாட்டுத்தாவணியிலிருந்து மேலூர் போகும் பஸ் நம் கடைக்காக நிற்காது. ஜன்னலோரம் இருப்பவர் இரண்டே விநாடியில் படித்தாக வேண்டும்.

அந்தக் காலத்துப் பெயிண்டர்கள் நூல் பிடித்துக் கோடு போட்டு, அவுட்லைன் எழுதி, உள்ளே நிரப்பி, ஒரு பக்கம் ஷேடு கொடுத்தார்கள். பிளக்ஸ் வந்தது. பிரஷ் பிடித்த பலருக்கு வேலை போனது. அவர்கள் கையோடு கண்ணும் சேர்ந்து போனதில்தான் வந்தது வினை.

மணமா? மனமா?

நம் எழுத்து சுழி நிறைந்தது. 'ன'வுக்கு இரண்டு சுழி, 'ண'வுக்கு மூன்று. கண்டபடி தடிக்க வைத்தால் சுழிக்குள் இருக்கும் ஓட்டை அடைத்துக்கொள்ளும். 'திருமணம்' தூரத்திலிருந்து பார்த்தால் 'திருமனம்' ஆகிவிடும். 'கி'க்கும் 'கீ'க்கும் வித்தியாசம் மேலே ஒரு சின்னச் சுழிதானே!

கைதேர்ந்த பெயிண்டர் ஓட்டைக்கு இடம் விட்டுத்தான் தடிப்பார். மெல்லிய எழுத்தை வைத்துக்கொண்டு 'போல்டு' பட்டனை அமுக்கினால் மெஷினுக்கு அந்த விவேகம் வராது. நாலா பக்கமும் ஊதிவிடும். தம்பி பிறவியிலேயே குண்டு. சுழிக்கு மூச்சு விட இடம் வைத்தே வரைந்திருக்கிறார்கள்.

சட்டம் என்ன சொல்கிறது?

கடைப் பெயர்ப்பலகையில் தமிழ்தான் முதன்மையாக இருக்க வேண்டும். தமிழ் 5, ஆங்கிலம் 3, பிறமொழி 2 என்பது கணக்கு. நடப்பது என்ன? பல போர்டுகளில் ஆங்கிலம் மாப்பிள்ளை மாதிரி நடுவில் நிற்கிறது. தமிழ், பந்தியில் இடம் கிடைக்காதவர் மாதிரி ஓரத்தில் ஒல்லியாக ஒண்டிக் கிடக்கிறது. "மேட்ச் ஆகிற தமிழ் எழுத்து இல்லைங்க" என்ற சாக்கு இனி செல்லாது. தம்பியின் எழுத்துருவிலேயே அதே குண்டில், அதே சாயலில் ஆங்கில எழுத்தும் இருக்கிறது.

எங்கே கூடாது?

ஜிகர்தண்டா கடை, பரோட்டா கடை, பொம்மைக் கடை, காதணி விழா... பேஷாகப் பொருந்தும். 'கண்ணீர் அஞ்சலி' போஸ்டருக்கு வேண்டவே வேண்டாம். இழவு வீட்டில் பல்லிளித்த மாதிரி ஆகிவிடும். நோட்டீசில் பாரா பாராவாக அடிப்பதற்கும் ஆகாது. கண் களைத்துப்போகும். நாலு வார்த்தைக்குத் தம்பி, நாற்பது வரிக்கு மெல்லிய எழுத்து.

இன்னொன்று. எழுத்து தடிப்பது வேறு, பேனர் பெரிதாவது வேறு. 2019 செப்டம்பரில் சென்னை பள்ளிக்கரணையில் ரோட்டு நடுவே வைத்த பேனர் சரிந்து, ஸ்கூட்டரில் போன இளம் பெண் என்ஜினீயர் லாரியில் சிக்கி உயிரிழந்தார். எழுத்து தெளிவாக இருந்தால் கடை வாசல் அகலத்துக்கு ஒரு போர்டு போதும். ரோட்டை மறிக்க வேண்டியதில்லை.

போர்டுக்கு ஆர்டர் கொடுக்கும் முன் ஒரு காரியம் செய்யுங்கள். கடைப் பெயரைத் தாளில் அடித்து வாசலில் ஒட்டுங்கள். ரோட்டைத் தாண்டி எதிர்ச் சாரியில் நின்று பாருங்கள். சுழியெல்லாம் சுழியாகத் தெரிகிறதா? தெரிந்தால் அட்வான்சைக் கொடுங்கள்!