வெளிநாட்டுப் பார்சல் எங்கே இருக்கிறது? ரசீது எண்ணே வழிகாட்டும்

ஜார்ஜ்டவுன்: தமிழ்நாட்டில் உள்ள உறவினர் கல்யாணப் புடவையைப் பார்சலில் அனுப்பிவிட்டு, ரசீதைப் படமெடுத்துப் புலனத்தில் அனுப்புகிறார். பத்து நாளாகியும் பார்சல் வரவில்லை. அந்த நேரம் பார்த்து, "உங்கள் பார்சல் சுங்கத்தில் சிக்கியுள்ளது, உடனே பணம் கட்டுங்கள்" என்று ஒரு குறுஞ்செய்தி வருகிறது. பலர் பணத்தை இழப்பது இந்த இடத்தில்தான். ரசீது எண்ணைப் படிக்கத் தெரிந்தால் இதைத் தவிர்க்கலாம்.

எண்ணில் என்ன இருக்கிறது?

அஞ்சலகம் வழி வரும் பார்சலுக்கான எண், அனைத்துலக அஞ்சல் ஒன்றியம் வகுத்த முறைப்படி அமைந்தது. முதலில் 2 ஆங்கில எழுத்துகள், பிறகு 9 இலக்கங்கள், கடைசியில் 2 எழுத்துகள், மொத்தம் 13. முதல் எழுத்து 'இ' என்றால் விரைவு அஞ்சல், 'சி' என்றால் பார்சல், 'ஆர்' என்றால் பதிவு அஞ்சல். கடைசி இரண்டு எழுத்துகள் அனுப்பிய நாட்டைக் காட்டும்: இந்தியாவுக்கு 'ஐ.என்.', மலேசியாவுக்கு 'எம்.ஒய்.'. ஒன்பதாவது இலக்கம் சரிபார்ப்புக்கானது. அதனால் ஓர் இலக்கத்தைத் தவறாகத் தட்டினாலும் பெரும்பாலும் தகவல் கிடைக்காது.

தகவல் நின்றுவிட்டால்?

இந்திய அஞ்சல், போஸ் மலேசியா ஆகிய இரண்டின் இணையத்தளங்களிலும் அதே எண்ணைப் போட்டுப் பார்க்கலாம். பார்சல் இந்தியாவை விட்டுப் புறப்பட்டதும் சில நாள் புதிய தகவல் எதுவும் வராது. விமானத்திற்குக் காத்திருந்து, இங்கு வந்து பதிவான பிறகே அடுத்த தகவல் ஏறும். சுங்கச் சோதனையிலும் தாமதமாகலாம். தகவல் இல்லை என்பதாலேயே பார்சல் தொலைந்துவிட்டதாகக் கருத வேண்டாம்.

கூரியர் நிறுவனங்களின் எண் வேறு வகை. அதை அந்தந்த நிறுவனத்தின் தளத்தில்தான் தேட வேண்டும்.

பணம் கேட்டால்?

சில பொருள்களுக்கு வரி இருக்கலாம். ஆனால் குறுஞ்செய்தியில் வரும் சுட்டியைத் தட்டாதீர்கள். உங்கள் கையில் உள்ள எண்ணை நீங்களே தளத்தில் தேடிப் பாருங்கள். அல்லது ரசீதுடன் அருகிலுள்ள அஞ்சலகத்தில் கேளுங்கள். பணம் கட்டி ஏமாந்திருந்தால் தாமதிக்காமல் தேசிய மோசடி எதிர்ப்பு மையத்தின் 997 எண்ணுக்கு அழையுங்கள். பணம் கேட்பவரின் வங்கிக் கணக்கு எண்ணை, காவல்துறையின் 'செமாக் மியூல்' தளத்தில் முன்கூட்டியே சரிபார்க்கலாம்.

தோட்டப்புற வாசகர்களுக்கு

ஒப்படைக்கப்பட்டது என்று தளம் காட்டியும் பார்சல் கைக்கு வரவில்லையா? முதலில் தோட்ட அலுவலகத்திலும் பாதுகாவலரிடமும் விசாரியுங்கள். அனுப்புபவரிடம் முகவரியுடன் அஞ்சல் குறியீட்டையும் கைப்பேசி எண்ணையும் எழுதச் சொல்லுங்கள். நிபோங் திபால் என்றால் 14300.

உண்மையிலேயே தொலைந்திருந்தால், அனுப்பியவர் தம் நாட்டு அஞ்சலகத்தில் விசாரணை கோரலாம். அனுப்பிய நாளிலிருந்து 6 மாதத்திற்குள் கோர வேண்டும். அதற்கு அசல் ரசீது தேவைப்படும். எனவே பார்சல் கைக்கு வரும்வரை ரசீதைத் தூக்கிப் போட வேண்டாம் என்று அனுப்புபவரிடம் இன்றே சொல்லிவிடுங்கள்.