வேலூருக்கு எழுதிட்டாங்க

திருவண்ணாமலை வட்டாரத்தில் பெரிய வியாதி வந்த வீட்டில் விசாரித்தால் இந்தப் பேச்சுதான் முதலில் வரும்: "ஜி.எச்.ல பார்த்தாங்க, வேலூருக்கு எழுதிட்டாங்க." இல்லையென்றால் பாண்டி. வேலூர் சுமார் 80 கிலோமீட்டர், பாண்டி நூறைத் தாண்டும். திருவண்ணாமலையோ 2013-லேயே அரசு மருத்துவக் கல்லூரி வந்துவிட்ட ஊர்.

தமிழக அரசின் மருத்துவக் காப்பீட்டு அட்டை இருக்கிறதே என்பார்கள். இருக்கிறது. 2009-ல் தொடங்கி, பெயர் மாறி, 2018-ல் மத்தியத் திட்டத்தோடு சேர்ந்து, இன்று குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் வரை. கூலிக்காரர் தனியார் மருத்துவமனையில் இதய அறுவைச் சிகிச்சை செய்துகொள்ள முடிவது சாதாரண காரியமில்லை என்று சொல்பவர்களோடு எனக்குச் சண்டை இல்லை.

ஆனால் கூடப் போகிறவரின் பஸ் காசு, சாப்பாடு, போன கூலி, இவற்றையெல்லாம் அட்டை தராது. ஜமுனாமரத்தூர்க்காரர் மலை இறங்கி போளூர் வந்து, அங்கிருந்து இன்னொரு பஸ் பிடிக்க வேண்டும். பலர் வட்டிக்கு வாங்கித்தான் கிளம்புகிறார்கள். 'இலவச' சிகிச்சை!

இன்னொரு கணக்கும் உண்டு. அட்டையில் செய்யும் சிகிச்சைக்கான பணம் அரசு மருத்துவமனைக்கும் உண்டு. அங்கே செய்தால் அந்தப் பணம் கருவியாகும், ஒரு பகுதி ஊழியர்களுக்கு ஊக்கத்தொகையாகும். வெளியூருக்கு எழுதிக் கொடுத்தால் அரசுப் பணம்தான் போகிறது, ஆனால் வேறு ஊர்க் கல்லாவுக்குப் போகிறது. இங்கே கருவி வராது. கருவி இல்லாததால் மறுபடி எழுதுவார்கள். எனக்குப் பயம் இதில்தான்: மாவட்டத் தலைநகர் மருத்துவமனை, நோயாளியை பஸ் மாற்றிவிடும் இடமாகச் சுருங்கிவிடக் கூடாது.

இங்கேயே சிகிச்சை தர அரசால் முடியாது என்பதை நான் நம்பவில்லை. 1994-ல் தொடங்கிய தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் மொத்தமாக மருந்து வாங்கி விலையைக் குறைத்தது. மற்ற மாநிலங்கள் வந்து பார்த்துப் போயின. கார்த்திகை தீபத்துக்கு லட்சக்கணக்கானோர் திரளும்போது, 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதை நெடுக முகாம் போட்டு மயக்கம் தெளிவிப்பதும் அரசு மருத்துவர்களும் நர்சுகளும்தான்.

உங்கள் வீட்டு நோயாளியை வெளியூருக்கு அனுப்பினால், இங்கே எந்த மருத்துவர், எந்தக் கருவி இல்லாததால் அனுப்புகிறார்கள் என்பதைச் சீட்டில் எழுதித் தரக் கேளுங்கள். ஆகஸ்ட் 15 கிராம சபையில் அந்தச் சீட்டுகளை எடுத்து வைத்து, தீர்மானம் போடச் சொல்லுங்கள்.