ஊசிக்கு ஏன் தேதி?

தம்பிப் பாப்பாவுக்குப் பிறந்தவுடன் போடவேண்டிய பிசிஜி ஊசி தவறிவிட்டது. அம்மா அரசாங்கக் கிளினிக்குக்குத் தூக்கிப் போனால், "அடுத்த வாரம் வாங்க" என்று தாதி தேதி குறித்துக் கொடுக்கிறார். மருந்து குளிர்ப்பெட்டியில்தானே இருக்கிறது, ஏன் அலையவிடுகிறார்கள் என்று உங்களுக்குக் கோபம் வரலாம். நியாயம்தான். ஆனால், அந்தக் குப்பியைக் கொஞ்சம் பாருங்கள்.

உள்ளே இருப்பது வீரியம் குறைக்கப்பட்ட, உயிருள்ள பாக்டீரியா. உலர்ந்த தூளாக, 2 முதல் 8 பாகை செல்சியஸில் உறங்குகிறது. பெரும்பாலும் ஒரு குப்பியில் 20 குழந்தைகளுக்கான மருந்து இருக்கும். திரவம் கலந்துவிட்டால் 6 மணி நேரம்தான் கெடு. மிச்சத்தைக் கொட்டிவிட வேண்டும். அதனால்தான் குழந்தைகளை ஒரே நாளில் சேர்த்து வரச் சொல்கிறார்கள்.

கைக்குழந்தைக்குக் காசநோய் வந்தால் மூளையுறைவரை பரவக்கூடும். குறித்த நாளில் போக முடியாவிட்டால், அன்றே கிளினிக்கை அழைத்து வேறு தேதி கேட்கும்படி அம்மாவிடம் சொல்லுங்கள்.