பள்ளிக் குழுவில் இடம் கிடைக்காதவருக்கும் ஒரு பந்தயம்

2010ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம் முதலாவது இளையர் ஒலிம்பிக் போட்டிகள் சிங்கப்பூரில் நடைபெற்றன. அப்போட்டிகளின் முதல் தங்கப் பதக்கம் ஆகஸ்ட் 15ஆம் தேதி ஈஸ்ட் கோஸ்ட் பூங்காவில் முடிவானது. பெண்கள் டிரையத்லானில் 750 மீட்டர் நீந்தி, 20 கிலோமீட்டர் சைக்கிளோட்டி, 5 கிலோமீட்டர் ஓடி முதலாவதாக வந்த ஜப்பானின் யூகா சாட்டோ அதைத் தட்டிச் சென்றார்.

அதே பூங்காவில், அதே தூரத்துக்கு, அவ்வப்போது ஞாயிற்றுக்கிழமைக் காலைகளில் சிறிய டிரையத்லான் போட்டிகளும் நடப்பதுண்டு. அவற்றில் கலந்துகொள்வோரில் பெரும்பாலோர் பதக்கக் கனவோடு வருவதில்லை. மறுநாள் வேலைக்கோ வகுப்புக்கோ திரும்ப வேண்டியவர்கள் அவர்கள்.

நம் மாணவர்கள் இந்தப் போட்டியைக் கவனிக்க வேண்டியதற்கு ஒரு காரணம் உண்டு. உயர்நிலைப் பள்ளியில் சேர்ந்த சில வாரங்களிலேயே இணைப்பாட நடவடிக்கைக்கான தேர்வுச் சுற்று வந்துவிடுகிறது. வேகமாக ஓடுபவருக்குத் திடல்தடக் குழுவில் இடம் கிடைக்கிறது. நான்கு விநாடி பின்தங்கியவர் வேறு நடவடிக்கைக்குப் போகிறார். ‘நமக்கு விளையாட்டு வராது’ என்ற எண்ணம் 13 வயதிலேயே மனத்தில் படிந்துவிடுகிறது. அதற்குப் பிறகு உடற்கல்விப் பாடமும், ஆண்களுக்குத் தேசிய சேவையின் உடலுறுதித் தேர்வும்தான் மிச்சம். யாரும் தேர்ந்தெடுக்காமலேயே களமிறங்கக்கூடிய போட்டிகள் இருக்கின்றன என்பது பலருக்குத் தெரிவதே இல்லை.

தொடங்கி வைத்தவர்களும் சாதாரண மனிதர்களே

நீச்சல், சைக்கிள், ஓட்டம் மூன்றையும் ஒரே மூச்சில் முடிப்பது டிரையத்லான். அந்தப் பெயரில் நடந்த முதல் போட்டி 1974ஆம் ஆண்டு செப்டம்பர் 25ஆம் தேதி அமெரிக்காவின் சான் டியேகோ நகரில் உள்ள மிஷன் பே கடலோரத்தில் நடந்தது. உள்ளூர் ஓட்டப்பந்தய மன்றம் ஏற்பாடு செய்த அந்தப் போட்டியில் 46 பேர் கலந்துகொண்டனர். வழக்கமான ஓட்டப் பயிற்சி சலித்துப்போகாமல் இருக்க வேறு ஏதாவது செய்து பார்க்கலாம் என்ற எண்ணத்தில் பிறந்த விளையாட்டு இது.

அந்த 46 பேரில் ஒருவர் கடற்படை அதிகாரி ஜான் காலின்ஸ். அவரும் மனைவி ஜூடியும் சேர்ந்து 1978ஆம் ஆண்டு ஹவாயியில் முதல் ‘அயர்ன்மேன்’ போட்டியை நடத்தினர். 15 பேர் புறப்பட்டனர். 12 பேர் முடித்தனர். 2000ஆம் ஆண்டு சிட்னியில் டிரையத்லான் ஒலிம்பிக் விளையாட்டானது. உள்ளூர் மன்றத்தின் ஒரு வேடிக்கை முயற்சி ஒலிம்பிக் வரை செல்ல 26 ஆண்டுகள் ஆயின.

பிழைப்புக்காக விளையாடாதவரை ‘அமெச்சூர்’ என்கிறோம். அச்சொல்லின் இலத்தீன் வேருக்கு ‘விரும்புபவர்’ என்பது பொருள். திறமை குறைந்தவர் என்ற பொருள் பின்னால் ஒட்டிக்கொண்டது.

எவ்வளவு தூரம், எவ்வளவு நேரம்?

‘டிரையத்லான்’ என்றதும் பலருக்கு நினைவுக்கு வருவது அயர்ன்மேன்தான். ஏறத்தாழ 3.8 கிலோமீட்டர் நீச்சல், 180 கிலோமீட்டர் சைக்கிள், அதன்பின் 42.195 கிலோமீட்டர் நெடுந்தொலைவோட்டம். லங்காவியில் நடக்கும் போட்டி இந்த வகையைச் சேர்ந்தது. ஒலிம்பிக் தூரம் 1.5, 40, 10 கிலோமீட்டர். அதில் சரிபாதி ‘ஸ்பிரின்ட்’ தூரம். முதன்முறை போட்டியிடுபவர் பார்க்க வேண்டியது இதையும், இதைவிடக் குறைந்த தூரப் பிரிவுகளையும்தான்.

ஒரு சாதாரணக் கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். 750 மீட்டர் என்பது 50 மீட்டர் குளத்தில் 15 நீளம். நிதானமாக நீந்தினால் 20 நிமிடம். மணிக்கு 25 கிலோமீட்டர் வேகத்தில் 20 கிலோமீட்டர் சைக்கிளோட்ட 48 நிமிடம். களைத்த கால்களோடு 5 கிலோமீட்டர் ஓட 35 நிமிடம். உடை, காலணி மாற்ற 6 நிமிடம். மொத்தம் 1 மணி 49 நிமிடம். உலகத் தர வீரர்கள் இதை ஒரு மணி நேரத்துக்குள் முடித்துவிடுவார்கள். ஆனால் வாரத்துக்கு நான்கு மணி நேரம் பயிற்சி செய்யும் மாணவருக்கு 1 மணி 49 நிமிடம் எட்டக்கூடிய இலக்கு.

கடல் நீச்சல்குளம் அன்று

மூன்றில் மிகக் கவனமாக அணுக வேண்டியது நீச்சல். தூரத்தில் அதுவே மிகக் குறைவு. ஆபத்தில் அதுவே முதலிடம். டிரையத்லான் போட்டிகளில் நேரும் மரணங்களில் பெரும்பாலானவை நீச்சலின்போதுதான் நிகழ்கின்றன என்பதை ஆய்வுகள் காட்டியுள்ளன. உடலில் தெம்பு இருக்கும்போதே நீந்தி முடித்துவிடுவது பாதுகாப்பானது. அதனால் நீச்சல் முதலில் வருகிறது.

குளத்தில் அடியில் கோடு தெரியும். களைத்தால் சுவரைப் பிடிக்கலாம். நம் கடலோரத்தில் நீர் கலங்கலாக இருக்கும். நீட்டிய கைகூடத் தெரியாது. பக்கத்தில் நீந்துபவரின் கை முதுகில் படும், முன்னால் போகிறவரின் கால் முகத்தில் தட்டும். முதல் நூறு மீட்டரிலேயே மூச்சு வாங்கும். குளத்தில் ஒரு கிலோமீட்டர் நீந்துபவர்கூட இங்கே பதற்றமடையலாம்.

பதற்றத்தைச் சமாளிக்க எளிய வழிகள் உண்டு. புறப்படும்போது கூட்டத்தின் நடுவில் நிற்காமல் கடைசியிலோ ஓரத்திலோ நில்லுங்கள். ஆறு முதல் எட்டுக் கைவீச்சுக்கு ஒருமுறை கண்ணை மட்டும் நீருக்கு மேல் தூக்கி மிதவை எங்கே இருக்கிறது என்று பாருங்கள். மூச்சு முட்டினால் மல்லாந்து மிதந்து, பத்து முறை நிதானமாக மூச்சு விடுங்கள். இந்த முறையில்தான் நீந்த வேண்டும் என்ற விதி டிரையத்லானில் இல்லை. தவளை நீச்சலிலேயே முழுத் தூரத்தையும் கடக்கலாம். மீட்புப் படகைப் பிடித்து ஓய்வெடுக்கவும் அனுமதி உண்டு; அதைப் பிடித்தபடி முன்னேறக்கூடாது, அவ்வளவுதான். முடியவில்லை என்றால் கையை உயர்த்தினால் போதும், படகு வந்துவிடும்.

பயிற்சிக்காகத் தனியாகக் கடலில் இறங்குவது கூடவே கூடாது. ஓய்வெடுக்காமல் 750 மீட்டரைக் குளத்தில் நீந்த முடியாதவர், அது முடியும்வரை கடலில் நடக்கும் போட்டிக்குப் பெயர் கொடுக்காமல் இருப்பது நல்லது.

நான்காவது விளையாட்டு

நீச்சல் முடிந்து சைக்கிளை எடுக்கும் இடத்தையும், சைக்கிளை வைத்துவிட்டு ஓடத் தொடங்கும் இடத்தையும் ‘டிரான்சிஷன்’ என்கிறார்கள். உடை மாற்றும் இந்த நேரமும் மொத்த நேரத்தில் சேர்ந்துவிடும். ஆகவே இதை நான்காவது விளையாட்டு என்று சொல்பவர்களும் உண்டு.

5 கிலோமீட்டர் ஓட்டத்தில் மூன்று நிமிடம் குறைக்க வேண்டுமானால் ஒவ்வொரு கிலோமீட்டரிலும் 36 விநாடி குறைக்க வேண்டும். அதற்குப் பல மாதப் பயிற்சி தேவைப்படும். மாற்றுமிடத்தில் அதே மூன்று நிமிடத்தைக் குறைக்க, வீட்டுக் கீழ்த்தளத்தில் அரை மணி நேரம் பழகினால் போதும். ஒரு துண்டை விரித்து, காலணி, காலுறை, தொப்பி, போட்டி எண் கட்டிய வார் ஆகியவற்றை எடுக்கும் வரிசையிலேயே அடுக்குங்கள். தலைக்கவசத்தைச் சைக்கிளின் கைப்பிடிமேல் கவிழ்த்து வையுங்கள்.

இங்குதான் பலர் விதியை மீறித் தண்டனை பெறுகின்றனர். சைக்கிளைத் தாங்கியிலிருந்து எடுப்பதற்கு முன்பே தலைக்கவசத்தின் வாரைப் பூட்டியிருக்க வேண்டும். சைக்கிளைத் திரும்ப வைத்த பிறகே அதைக் கழற்ற வேண்டும். குறிப்பிட்ட கோட்டைத் தாண்டிய பிறகுதான் ஏற வேண்டும்; மறு கோட்டுக்கு முன்பே இறங்கிவிட வேண்டும். காதில் இசைக்கருவி அணியக்கூடாது. பல அமெச்சூர் போட்டிகளில் முன்னால் போகும் சைக்கிளை ஒட்டியபடி காற்றுத் தடுப்பில் ஓட்டுவதும் குற்றம்.

விலை உயர்ந்த சைக்கிள் தேவையா?

தேவையில்லை. சிறிய போட்டிகளில் சாதாரண மலையோர சைக்கிளில் வருபவர்களையும் பார்க்கலாம். எந்த வகை சைக்கிளுக்கு அனுமதி என்பதை ஏற்பாட்டாளரின் விதிமுறையில் பார்த்துக்கொள்ளுங்கள். பிரேக் ஒழுங்காக வேலை செய்ய வேண்டும், டயரில் காற்று சரியாக இருக்க வேண்டும், இருக்கை உங்கள் உயரத்துக்குப் பொருந்த வேண்டும். வெதுவெதுப்பான நம் கடல்நீருக்கு விலை உயர்ந்த நீச்சல் அங்கியும் வேண்டாம். உறவினரிடமோ நண்பரிடமோ சைக்கிளை இரவல் வாங்கினால், போட்டிக்கு முந்திய நாள் வாங்காமல் சில வாரங்களுக்கு முன்பே வாங்கிப் பழகிக்கொள்ளுங்கள்.

பூங்கா இணைப்புப் பாதைகளில் பயிற்சி செய்பவர்கள், சிங்கப்பூரில் சைக்கிள் பாதைகளின் வேக வரம்பு மணிக்கு 25 கிலோமீட்டர் என்பதை நினைவில் கொள்ள வேண்டும். அங்கே நடைப்பயிற்சிக்கு வரும் தாத்தா பாட்டிகளுக்கு உங்கள் பந்தயம் பற்றித் தெரியாது. சாலையில் ஓட்டுவதானால் 2019ஆம் ஆண்டு முதல் தலைக்கவசம் கட்டாயம்.

கால் கனக்கும், வெயில் சுடும்

சைக்கிளிலிருந்து இறங்கி ஓடத் தொடங்கும்போது கால்கள் வேறு யாருடையவோ போலிருக்கும். ஏறத்தாழ 50 நிமிடம் ஒரே வட்டத்தில் சுழன்ற தசைகள், உடலின் எடையைத் தாங்கி ஓடும் அசைவுக்கு மாறச் சற்று நேரம் எடுக்கும். பயிற்சியில் வாரத்துக்கு ஒருமுறை சைக்கிளிலிருந்து இறங்கிய கையோடு பத்து நிமிடம் ஓடிப் பழகினால் இந்தத் தடுமாற்றம் வெகுவாகக் குறையும். போட்டியில் முதல் கிலோமீட்டரை வேண்டுமென்றே மெதுவாக ஓடுங்கள்.

நம் வட்டாரத்தில் இன்னொரு எதிரி வெப்பம். காற்றில் ஈரப்பதம் அதிகமாக இருப்பதால் வியர்வை ஆவியாவதில்லை. உடல் குளிர்வதும் இல்லை. தாகத்துக்கேற்பக் குடியுங்கள். அளவுக்கு மீறி வெறும் தண்ணீரைக் குடித்தாலும் இரத்தத்தில் உப்பின் அளவு குறைந்து ஆபத்து நேரலாம். தலைசுற்றல், குமட்டல், வெயிலிலும் உடல் சிலிர்ப்பது, எங்கே இருக்கிறோம் என்ற குழப்பம் ஆகியவற்றில் எது தோன்றினாலும் ஓட்டத்தை நிறுத்தி உதவி கேளுங்கள். காய்ச்சலோடு போட்டியில் இறங்கவே கூடாது. அது இதயத்தைப் பாதிக்கக்கூடும்.

படிப்புக்கு இடையில்

பெற்றோர் கேட்கும் முதல் கேள்வி, “தேர்வு இருக்கும்போது இது எதற்கு?” என்பதாகத்தான் இருக்கும். 18 வயதுக்குக் குறைந்தவர் பதிந்துகொள்ள பொதுவாகப் பெற்றோரின் கையொப்பம் தேவை. ஆகவே அந்தக் கேள்விக்குப் பதில் வைத்திருப்பது நல்லது. பள்ளி விடுமுறையை ஒட்டி வரும் போட்டியைத் தேர்ந்தெடுங்கள். பத்து வாரத் திட்டம் ஒன்றைத் தாளில் எழுதிக் காட்டுங்கள். வாரத்தில் இரு முறை நீச்சல், ஒருமுறை ஓட்டம், வார இறுதியில் ஒருமுறை சைக்கிளும் அதைத் தொடர்ந்து சிறு ஓட்டமும். ஒவ்வொன்றும் ஒரு மணி நேரம். கைப்பேசியில் கழியும் நேரத்தோடு ஒப்பிட்டால் நான்கு மணி நேரம் பெரிதல்ல. நீண்ட நாள் பயிற்சி செய்யாதவரும், இதயக் கோளாறோ ஆஸ்துமாவோ உள்ளவரும் முதலில் மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

34ஆவதாக வந்தவர்

2021ஆம் ஆண்டு ஜூலையில் நடந்த தோக்கியோ ஒலிம்பிக் பெண்கள் டிரையத்லானில் தங்கம் வென்றவர் ஃபுளோரா டஃபி. பெர்முடா என்னும் குட்டித் தீவுக்குக் கிடைத்த முதல் ஒலிம்பிக் தங்கம் அது. முடித்தவர்களில் கடைசியாக, 34ஆவதாக வந்தவர் பெல்ஜியத்தின் கிளேர் மிஷெல். எல்லைக்கோட்டைத் தாண்டியதும் அவர் தரையில் அமர்ந்து அழுதார். ஏற்கெனவே ஓட்டத்தை முடித்திருந்த நார்வேயின் லோட்ட மில்லர் அவரிடம் சென்று ஆறுதல் சொன்னார். அன்று பலர் போட்டியை முடிக்கவே இல்லை.

முடிக்காமல் விலகுவதும் இந்த விளையாட்டின் ஒரு பகுதி. ஒவ்வொரு பிரிவுக்கும் நேர வரம்பு உண்டு; அதைத் தாண்டியவரை அதிகாரிகள் நிறுத்திவிடுவார்கள். கடலில் கையை உயர்த்தியவரும், வெயிலில் தலைசுற்றி அமர்ந்தவரும் சரியான முடிவை எடுத்தவர்கள். அவர்கள் அடுத்த போட்டிக்கு வரலாம்.

மூன்றையும் ஒரே நாளில் செய்யத் தயக்கமா? நீச்சலும் ஓட்டமும் மட்டும் உள்ள அக்வத்லான் இருக்கிறது. நீந்தத் தெரியாதவருக்கு ஓட்டமும் சைக்கிளும் கொண்ட டுவத்லான் இருக்கிறது. சில போட்டிகளில் மூவர் சேர்ந்து ஆளுக்கொன்றாகப் பிரித்துக்கொள்ளும் அஞ்சல் பிரிவும் உண்டு. வகுப்பில் நன்றாக நீந்தும் ஒரு தோழி, சைக்கிளைவிட்டு இறங்காத ஒரு நண்பன், மெதுவாக ஆனால் நிற்காமல் ஓடும் நீங்கள் என்று ஒரு குழு அமைந்துவிடலாம். அடுத்த போட்டிக்கான பதிவு திறக்கும்வரை, அருகிலுள்ள பொது நீச்சல்குளத்தில் இந்த வாரம் எத்தனை நீளம் நிற்காமல் நீந்த முடிகிறது என்று எண்ணிப் பாருங்கள். நான்கு என்றால் அடுத்த வாரம் ஐந்துக்கு முயலுங்கள். பதினைந்து எட்டும்போது பெயர் கொடுக்கலாம்.