எறிந்த செங்கல் சொல்லும் கணக்கு

சாரத்தின் மேலே கொத்தனார். கீழே நிற்கும் தோழர் செங்கல்லை வீசுகிறார். மேலே நீண்ட கைகளில் அது பூப்போல வந்து அமர்கிறது. அந்தத் தோழர் கணக்குப் படித்தவரா என்று கேட்பார் உண்டு. படித்தவர்தான் என்கிறோம் நாம்; ஏட்டில் அல்ல, கையால் படித்தவர்!

கைக்குத் தெரிந்த அந்தக் கணக்கை ஏட்டில் ஏற்றியவர் இத்தாலி நாட்டுக் கலிலியோ. கனமான பொருளே விரைந்து விழும் என்று பண்டிதர்கள் சாதித்த காலம் அது. அவரோ சாய்ந்த பலகையில் வெண்கலக் குண்டை உருட்டினார். ஒழுகிய நீரை நிறுத்து நேரத்தை அளந்தார். பூமி சுழல்கிறது என்றதற்காக 1633-இல் திருச்சபை மன்றம் அவரைத் தண்டித்தது. வீட்டுக் காவலில் முடங்கினாரா? இல்லை! 1638-இல் ஹாலந்தின் லெய்டன் நகரில் அவரது நூல் அச்சேறியது. அதன் தொடக்கமே வெனிஸ் கப்பல் பட்டறைத் தொழிலாளரின் அறிவைப் போற்றும் பேச்சு என்பதை நாம் மறக்கலாகாது.

அவர் கண்டதென்ன? விழும் பொருள் முதல் நொடியில் ஏறத்தாழ 5 மீட்டர் இறங்கும், இரண்டு நொடியில் 20, மூன்றில் 45. முன்னோக்கிய ஓட்டமோ மாறாது. இரண்டும் சேர்ந்ததே பரவளையம் எனும் வளைந்த பாதை. நிலவில் ஈர்ப்பு ஆறில் ஒரு பங்கு. அதே வீச்சு அங்கே ஆறு மடங்கு தூரம் போகும். அளவு மாறும்; விதி மாறாது.

செயற்கை ஈர்ப்பு என்பதோ வேறு. விண்ணில் பெருஞ்சக்கரத்தைச் சுழலவிட்டால், அதன் உள்விளிம்பில் நிற்பவரைத் தரை உந்தும். கால்களுக்கு அது எடையாகவே தோன்றும். 1966-இல் அமெரிக்காவின் ஜெமினி 11 மற்றொரு கலத்தோடு பிணைந்து சுழன்று, மிகச் சிறிய அளவில் இதைக் காட்டிற்று. மனிதர் வாழும் சக்கரம் இன்னும் எழவில்லை. 56 மீட்டர் ஆரமும் நிமிடத்துக்கு 4 சுற்றும் இருந்தால் பூமியின் எடையே கிடைக்கும்.

அங்கே சாரம் கட்டிச் செங்கல் வீசினால்? கையை விட்டபின் கல்லை இழுப்பது எதுவுமில்லை. அது நேர்கோட்டில் செல்லும், சுழல்வது தரையே! நொடிக்கு 10 மீட்டர் வேகத்தில் நேர்மேலே வீசிய கல், உச்சியை எட்டும்போது சுழலும் திசையில் சுமார் 2 மீட்டர் விலகிவிடும். கொத்தனார் கை வெறுங்கை! சுழற்சிக்கு எதிராக மணிக்கு 84 கிலோமீட்டர் வேகத்தில் வீசினாலோ, காற்றின் தடையை ஒதுக்கினால், விழாமலே மிதக்கும்.

காலை ஏமாற்றலாம், எறிந்த கல்லை ஏமாற்ற முடியாது. நாளை விண்ணில் சாரம் கட்டப் போவதும் உழைக்கும் கைகளே. பழகிய கை தவறும் அந்த இடத்தில், கணக்கே கைகொடுக்கும். அது பண்டிதரின் தனிச்சொத்தன்று தோழர்களே; பட்டறையில் பிறந்த நம் சொத்து. கற்போம்!