கடகம் சுமந்த விடுமுறை

உழவைப் புகழ்ந்து பேசாத தமிழாசிரியர் எவரும் இலர். வள்ளுவர் உழவுக்கெனத் தனியதிகாரம் ஒன்றே வகுத்தார் என்பதனை ஆண்டுதோறும் வகுப்பில் விரித்துரைக்கின்றோம். ஆயினும், ஒரு கடகம் எருவின் பாரம் எத்துணை என்று மாணவன் ஒருவன் எழுந்து கேட்பானாயின், விடை கூற வல்லவர் நம்முள் எத்தனை பேர்? ஆகஸ்ட் மாத விடுமுறையிற் பத்து நாள், உருத்திரபுரத்திலும் வட்டக்கச்சியிலுமாக மூன்று சிறு கமங்களிற் கூலியின்றி வேலை செய்தேன். மூன்றும் சேதனப் பசளையை மட்டுமே நம்பி வாழ்பவை. உண்டியும் உறையுளும் அவர்கள் தந்தனர், உழைப்பு என்னுடையது.

இத்தகைய பயணம் மேலைநாட்டிற் புதிதன்று. இலண்டன் மாநகரிற் செயலாளராகப் பணிபுரிந்த சூ கொப்பார்ட் என்னும் பெண்மணி, 1971ஆம் ஆண்டு, சசெக்ஸ் பகுதியில் எமர்சன் கல்லூரியைச் சார்ந்த பண்ணைக்கு வார இறுதி வேலைக்கெனச் சிலரை அழைத்துச் சென்றார். அதிலிருந்து கிளைத்ததே ‘வூஃப்’ என்னும் அமைப்பு. இன்று அது பல நாடுகளிற் பரவியுள்ளது. நாளொன்றுக்கு நான்கு முதல் ஆறு மணிநேர உழைப்பு, ஈடாக உணவும் தங்குமிடமும், பணம் கைமாறுவதில்லை. நகரத்து இரைச்சலில் அலுத்தவருக்கு அது ஓய்வாக அமைகின்றது. வன்னியில் நிலைமை வேறு. இங்குள்ள கமக்காரன் விருந்தினனை எதிர்பார்க்கவில்லை. இரண்டு கைகளையே எதிர்பார்க்கின்றான்.

உருத்திரபுரம் வாய்க்கால்களால் ஆன ஊர். 1902இல் வேலை தொடங்கி 1920ஆம் ஆண்டளவில் நிறைவுற்ற இரணைமடுக்குளத்தின் நீரை நம்பி எழுந்த குடியேற்றம் அது. எட்டாம் வாய்க்கால், பத்தாம் வாய்க்கால் என்றே இன்றும் முகவரி சொல்கின்றனர். நான் முதலிற் சென்றது பத்தாம் வாய்க்காலை அண்டிய ஒரு வீட்டுக்கு. வீட்டுக்காரர் எழுபதைக் கடந்தவர். பிள்ளைகளில் ஒருவர் கொழும்பில். மற்றையோர் கடல் கடந்து. கிழவரும் மனைவியும் மூன்று ஏக்கர் வயலும் ஏழு மாடுகளுமாக எஞ்சியிருக்கின்றனர்.

சோளகக் காற்று புழுதியை வாரி இறைக்கும் அக்காலத்தில், காலபோகத்துக்கென எருவை வயலுக்குச் சுமப்பதே வேலை. பட்டியின் ஓரத்தில் மக்கிக் கிடந்த குவியலை மண்வெட்டியால் வெட்டி, கடகத்தில் நிறைத்து, தலையிலேற்றி, வரம்பு வழியே கொண்டுபோய்ச் சிறுசிறு குவியல்களாக இடவேண்டும். முதல்நாள் முப்பது கடகத்தோடு என் கழுத்து விடைபெற்றுக்கொண்டது. கிழவர் சிரிக்கவில்லை, அதுவே பெரிய மரியாதை.

அன்றிரவு திண்ணையிலிருந்து கணக்கொன்று போட்டுப் பார்த்தேன். யூரியாவில் நூற்றுக்கு நாற்பத்தாறு பங்கு நைதரசன் உண்டு. ஆகவே 50 கிலோ கொண்ட ஒரு பையில் இருப்பது 23 கிலோ. நன்றாக மக்கிய மாட்டெருவில் அது நூற்றுக்கு ஒரு பங்கு என்று தாராளமாகவே கொள்வோம். அந்த 23 கிலோவைத் தருவதற்கு 2,300 கிலோ எரு வேண்டும். கடகத்துக்கு இருபது கிலோ என்றால் நூற்றுப் பதினைந்து கடகம்! எரு மண்ணை வளர்க்கும், ஈரத்தைப் பிடிக்கும், பலன் ஒரு போகத்தோடு தீர்ந்துவிடாது என்பன எல்லாம் உண்மையே. ஆயினும் சுமக்கும் கழுத்துக்கு அவ்வுண்மைகள் ஆறுதலாவதில்லை.

“பையிலை வாற பசளையை ஒருத்தன் தோளிலை கொண்டு போவான், வாத்தியார். பட்டியிலை வாறதுக்கு ஊரே வேணும்” என்றார் கிழவர்.

அந்த ஊர் எங்கே போயிற்று? ஒரு காலத்தில் வன்னிக் காட்டுக் குழை வண்டி வண்டியாக யாழ்ப்பாணத்துப் புகையிலைத் தோட்டங்களுக்குச் சென்று மண்ணில் தாழ்க்கப்பட்டது. பின்னர் எச் 4 போன்ற புதுநெல் இனங்கள் வந்தன. 1962இற் பசளை மானியம் வந்தது. பை வந்தபின் பட்டி சுருங்கியது. அதன்மேற் போர். 1996இலும் 2008இலும் ஊர் பெயர்ந்தபோது மாடுகளை உடன்கொண்டு செல்ல முடிந்தவர் எத்தனை பேர்? மீண்டு வந்தோர் லாண்ட்மாஸ்டரைக் கொண்டு உழுதனர். அது விரைவாக உழும், சாணம் இடாது.

இவற்றையெல்லாம் எண்ணாமல் 2021 மே மாதத்தில் அரசு அசேதனப் பசளை இறக்குமதியை ஒரே அடியாகத் தடைசெய்தது. நவம்பரில் தடை நீக்கப்பட்டதாயினும், அவ்வாண்டுக் காலபோகத்தின் விளைச்சல் நாடெங்கும் வீழ்ந்தது. சேதனப் பசளை தோற்றது என்று அன்று பலரும் எழுதினர். நான் அவ்வாறு கருதவில்லை. பையைப் பறித்த கை, மாட்டையும் குழையையும் ஆளையும் கொடுக்கவில்லை, அவ்வளவே. இரசாயனத்தைத் தாமே கைவிட்ட இக்கிழவரைப் போன்றோரின் நற்பெயரும் அத்தடையோடு சேர்ந்து கெட்டதுதான் கொடுமை. ‘சேதனம்’ என்ற சொல்லைக் கேட்டாலே அயலார் முகம் சுளிக்கின்றனர்.

தொண்டர்கள் ஊரூராகச் சென்று உழைத்த காலம் ஒன்று வன்னிக்கு இருந்தது. கட்டடக்கலைஞர் எஸ். ஏ. டேவிட், மருத்துவர் இராஜசுந்தரம் ஆகியோர் வவுனியாவை நடுவாகக் கொண்டு நடத்திய காந்தீயம் இயக்கம், 1977ஆம் ஆண்டு வன்செயலால் மலையகத்திலிருந்து துரத்தப்பட்ட குடும்பங்களை வன்னி நிலங்களிற் குடியமர்த்தியது. இளைஞரும் யுவதிகளும் அக்குடியிருப்புகளிற் சென்று தங்கிப் பணியாற்றினர். 1983 ஏப்ரலில் இருவரும் கைதாயினர். அவ்வாண்டு யூலை 27ஆம் நாள் வெலிக்கடைச் சிறையில் இராஜசுந்தரம் கொல்லப்பட்டார். உயிர் தப்பிய டேவிட் நெடுங்காலம் இந்தியாவில் வாழ்ந்து, முதுமையில் கிளிநொச்சிக்குத் திரும்பி, 2015இல் அங்கேயே கண்மூடினார். பிறர் நிலத்திற்குக் கைகொடுக்கப் போவது இந்த நாட்டில் எப்போதும் வெறும் பொழுதுபோக்காக இருந்ததில்லை.

எட்டாம் வாய்க்காலில் இரண்டாம் வீடு. அங்கு மூன்றே நாள் நின்றேன். வேலி அடைப்பும் சீமைக்கிளுவைக் குழை வெட்டுதலும். அதைப்பற்றி அதிகம் சொல்வதற்கில்லை, சமையல் மிக நன்று என்பதைத் தவிர.

வட்டக்கச்சியிலோ என்னை வேலை வாங்கியவர் ஓர் அம்மா. கணவனைப் போரில் இழந்தவர். அரை ஏக்கர் மேட்டுநிலத்தில் கத்தரியும் பயிற்றையும் மிளகாயும். ஒரு மூலையில் விதைக்கென மட்டும் பேணும் மொட்டைக்கறுப்பன் நெல். வேப்பம் விதையை இடித்து ஊறவைத்து வடித்த சாற்றை மிளகாய்க்குத் தெளித்தோம். பூச்சி முற்றாகப் போகுமா என்று கேட்டேன். “போகாது தம்பி. எங்களுக்கும் கொஞ்சம் விட்டுவைக்கும்” என்றார். அவருடைய கத்தரிக்காய் சந்தையில் மற்றையவற்றின் விலைக்கே போகின்றது. நஞ்சற்றது என்பதற்காக ஒரு சதமேனும் கூடுதலாகக் கொடுப்பார் இல்லை. கொழும்புக் கடைகளில் ‘ஓகனிக்’ என்று சீட்டொட்டிய காய்களுக்கு இரட்டை விலை கேட்கின்றார்கள். அந்தச் சீட்டைப் பெறுவதற்குரிய பரிசோதனைச் செலவை அரை ஏக்கர்க்காரி எங்ஙனம் தாங்குவாள்?

மார்கழி விடுமுறையில் வயல்களிற் களை நிற்கும். களைகொல்லி தெளிக்காத வயலுக்கு அதுவே கைகள் மிகத் தேவைப்படும் காலம். மூன்று வீட்டாரும் வரச்சொல்லியிருக்கின்றனர். பத்தாம் வாய்க்கால் ஐயா மட்டும், மேல்வகுப்பு மாணவர் இருவரையும் அழைத்து வர இயலுமா என்று கேட்டிருக்கின்றார். வகுப்பிற் கேட்டேன், இதுவரை ஒருவன் கை உயர்த்தியிருக்கின்றான்.